கார் லிஃப்ட் கோர்ட்டும் மூன்றாவது சீரும்

ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காலைதோறும் கிளம்பும் ஒரு பழைய வெள்ளை காருக்குள் ஒரு நீதிமன்றம் நடந்துவந்தது. கட்டடம் கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது, "சைலன்ஸ்" என்று கத்த டவாலி கிடையாது. ஏசி உண்டு, அதுவும் முன்சீட்டுக்கு மட்டும். நீதிபதி உடையப்பன். வண்டி அவருடையது என்பதற்கு மேல் அவரிடம் யாரும் தகுதிச் சான்று கேட்டதில்லை.

சட்டத்தைப் பிரித்து மேய்ந்த அந்த நீதிமன்றமே சட்டப்படி இருக்கக் கூடாத ஒன்று. சொந்தக் காரில் மாதக் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதை இங்கே கார் லிஃப்ட் என்பார்கள், பிடிபட்டால் அபராதம். அதனால் யாராவது நிறுத்திக் கேட்டால் "சொந்தக்காரங்க, சிநேகிதங்க" என்று சொல்ல வசதியாக, வண்டியில் போகிற நான்கு பேரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவைத்திருந்தார்கள். இளவேனிலின் மாமியாருக்கு எந்த முழங்கால் வலி என்பது சித்தீக் பாய்க்குத் தெரியும். சித்தீக் பாயின் மகள் ஹாலிதா கணக்கில் வீக் என்பது இளவேனிலுக்குத் தெரியும். அன்பரசன் மட்டும் எதையும் படிக்கவில்லை. அவன் உடையப்பனுக்கு உண்மையாகவே அக்கா மகன்.

முன்சீட்டு இளவேனிலுக்கு. தஞ்சாவூர்க்காரி, கராமாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் பேசுவாள். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை, பேசாவிட்டால் தூக்கம் வந்துவிடும் என்பதுதான் காரணம். பின்சீட்டில் வலது பக்கம் முகம்மது சித்தீக், கீழக்கரைக்காரர், பர் துபாயில் ஜவுளிக்கடை. சிவகங்கையும் கீழக்கரையும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்துப் பாசத்தில் அவரும் சிவகங்கைக்கார உடையப்பனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இடது பக்கம் அன்பரசன், கராமாவிலேயே ஒரு ஆபீஸில் கட்டட வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். மூவரையும் இறக்கிவிட்டு உடையப்பன் அல் கூஸில் தன் வேர்ஹவுஸுக்குப் போவார். அங்கே அவர் ஸ்டோர் இன்சார்ஜ். பைப், வால்வு, நட்டு, போல்ட்டு எல்லாம் அவர் சொன்னபடி கேட்கும். அந்தப் பழக்கத்தில் மனிதர்களும் கேட்பார்கள் என்று நினைப்பார்.

அந்த வருஷம் ஜனவரியில் அன்பரசனுக்குக் கோயம்புத்தூரிலிருந்து அக்கா விஜியின் போன் வந்தது. விஜி அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நாகர்கோவில்காரி ஜலஜாவோடு ஒரே வீட்டில் நாலைந்து வருஷமாக இருந்தாள். ரூம்மேட் என்று ஊர் நம்பியது. அன்பரசனும் ஊரோடு சேர்ந்து நம்பினான்.

"தம்பி, நானும் ஜலஜாவும் மாலை மாத்திக்கப்போறோம்."

"எதுக்கு?"

"சும்மா, பொழுது போகலன்னு. எதுக்குடா மாலை மாத்துவாங்க?"

நாலைந்து வருஷத்துப் போட்டோக்கள் எல்லாம் அன்பரசன் கண்முன் வரிசையாக வந்து, இப்போதாவது புரிந்ததா என்று கேட்டுவிட்டுப் போயின.

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ரெண்டு நாள் அழுதுச்சு. அப்புறம் ஜலஜாவுக்கு மீன் கொழம்பு வைக்கத் தெரியுமான்னு கேட்டுச்சு. கடைசியில, உங்க மாமன் வந்து சீர் செஞ்சா நான் வர்றேன், அவன் வரலன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சபையில நிக்கிறதுன்னு சொல்லிருச்சு. மாமாட்ட நீதான் பேசணும்."

"நானா?"

"நீதானடா தெனம் அவரு வண்டியில போற."

சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம். தாய்மாமன் இல்லாமல் அங்கே பந்தல்கால் கூட நேராக நிற்காது. விஜியை மடியில் வைத்துக் காது குத்த உட்கார்ந்தவர் உடையப்பன். அவள் வயசுக்கு வந்தபோது தட்டு தட்டாகச் சீர் கொண்டுவந்தவரும் அவரே. பாக்கி இருந்தது மூன்றாவது சீர், கல்யாணச் சீர். அது வராமல் அம்மா ராக்கம்மா வரமாட்டாள். ராக்கம்மா வராமல் விஜி மாலையைத் தொடமாட்டாள். அப்படியாக ஓர் அகில இந்தியப் பிரச்சினை அன்பரசனின் மடியில் வந்து உட்கார்ந்தது. அவனுக்கோ மாமாவிடம் "ஏசிய கொஞ்சம் பின்னாடி திருப்புங்க" என்று சொல்லவே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வழியைக் காட்டியது சித்தீக் பாயின் வழக்கு.

ஊரில் ஹாலிதா படித்த அரசுப் பள்ளிக்குப் புது ஹெட்மாஸ்டர் வந்திருந்தார். காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பிறகு சரஸ்வதி துதி ஒன்றைச் சேர்த்தார். எல்லோரும் கை கூப்பிப் பாட வேண்டும். ஹாலிதா கையைத் தொங்கவிட்டபடி வாயைத் திறக்காமல் நின்றாள். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு ஒழுக்கம் பற்றி அரைமணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்த பிள்ளை சாப்பிடவில்லை. சித்தீக் பாய் இதைக் காரில் சொன்னபோது ஷார்ஜா எல்லையில் வண்டிகள் எறும்பு வரிசையாக நின்றிருந்தன.

"விசாரிச்சிருவோம்," என்றார் உடையப்பன், கியரைத் தட்டியபடி. "யாரு ஹெட்மாஸ்டர் பக்கம்?"

"நான்," என்றாள் இளவேனில். "அண்ணே, பள்ளிக்கூடம்னா ஒரு கட்டுப்பாடு வேணும். ஆளாளுக்குக் கைய ஆளாளுக்கு ஒரு எடத்துல வச்சா அது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?"

"கட்டுப்பாட்டுக்குத்தான் தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கே. அதுக்கு எம்மவ வெறப்பா நிக்கிறா. சாமி கும்பிடச் சொல்றதுக்கு அது என்ன கோயிலா? சர்க்கார் பள்ளிக்கூடம். அந்தச் சொவத்துல மாட்டியிருக்கிற படத்தையும் எடுக்கச் சொல்லுவேன்."

"பாய், படம் என்ன பண்ணுச்சு? அதுபாட்டுக்கு வீணை வாசிச்சுக்கிட்டு இருக்கு."

உடையப்பன் யோசித்தார். அவர் யோசிக்கும்போது வண்டி தானாக வேகம் குறையும். பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது.

"தீர்ப்பு சொல்றேன், கேட்டுக்கங்க. படம் சொவத்துல இருக்கட்டும். பிள்ளை கை பிள்ளைகிட்ட இருக்கட்டும். ஒருத்தரு யாருக்கும் எடைஞ்சல் இல்லாம நின்னா, மூணாவது ஆளு வந்து கையத் தூக்கு, கால எறக்குன்னு சொல்ல முடியாது. அது ஹெட்மாஸ்டரா இருந்தாலும் சரி, கலெக்டரா இருந்தாலும் சரி. முடிஞ்சுபோச்சு, கலாஸ்."

சித்தீக் பாய் இதை அப்படியே போனில் பதிவு செய்து ஊரிலிருந்த தம்பி நுஃமானுக்கு அனுப்பினார். நுஃமான் அதை ஹெட்மாஸ்டரிடம் போட்டுக் காட்டி, "துபாய்ல ஒரு தீர்ப்பு சார்" என்றான். ஹெட்மாஸ்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, "பின்னாடி ஹார்ன் சத்தம் வருதே" என்றார். "அங்க கோர்ட்டு ரோட்டு மேலதான் சார்," என்றான் நுஃமான். ஹெட்மாஸ்டர் அதற்குப் பிறகு ஹாலிதாவின் கைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

செய்தி வந்த நாளிலிருந்து உடையப்பன் ஓட்டும் தோரணையே மாறியது. இண்டிகேட்டர் போடுவதில் கூட ஒரு கனம் வந்தது. கடல் கடந்து செல்லுபடியாகும் தீர்ப்பு என்றால் சும்மாவா?

அன்பரசன் இதையெல்லாம் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவிடம் மருமகனாகப் போய் நின்றால் காரியம் ஆகாது. வாதியாகப் போய் நிற்க வேண்டும். பெயர் இல்லாமல் கேட்டு, வாயால் சொல்லவைத்து, அப்புறம் பெயரைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் கட் அடித்தே காலத்தை ஓட்டிய அவனுக்குள் ஒரு சீனியர் வக்கீல் இருந்தது அவனுக்கே ஆச்சரியம்.

ஏப்ரலில் டில்லி உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டால் சட்டம் ஏற்க வேண்டும் என்று கேட்ட வழக்கு. ஐந்து நீதிபதிகள், நாள் கணக்கில் விவாதம், எல்லாம் நேரலை. முந்தின நாள் நடந்ததை மறுநாள் காலையில் அன்பரசன் போனில் போட்டான்.

"மாமா, இதையும் நம்ம கோர்ட்டுல எடுத்துக்கலாமே?"

கொஞ்ச நேரம் கேட்டதும் விஷயம் புரிந்த சித்தீக் பாய், "மச்சான், கண்ணாடிய ஏத்துங்க. இந்த ஊருல பேசுற பேச்சா இது?" என்றார். கண்ணாடி ஏற்கெனவே ஏற்றித்தான் இருந்தது. சித்தீக் பாயின் மனசுக்காக உடையப்பன் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார்.

அன்பரசன் கல்யாணத்துக்கு ஆதரவாகப் பேசினான். இளவேனில் வழக்கம்போல எதிர்த்தாள்.

"தம்பி, நாளைக்கு ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் யாரு? தலைவின்னு ரெண்டு பேரா? சண்ட வந்தா பொறந்த வீட்டுக்கு எவ போவா?"

"ரெண்டு பேரும் போவாங்க. ரெண்டும் பொறந்த வீடுதான்."

"மாமியார் யாரு?"

"ரெண்டு மாமியார்க்கா."

இளவேனில் ஒரு மாமியாரை நினைத்துப் பார்த்தாள், பிறகு இரண்டை. "அப்ப நான் சொல்றதுதான் சரி, இத அனுமதிக்கவே கூடாது," என்றாள். அன்றைக்கு மட்டும் அவள் குரலில் உண்மையான நம்பிக்கை இருந்தது.

உடையப்பன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "மச்சான் ஒண்ணும் சொல்லலையே?"

சித்தீக் பாய் தாடியைத் தடவினார். "எங்க மார்க்கத்துல இதுக்கு எடம் இல்ல. அது ஒண்ணும் ரகசியம் இல்ல. ஆனா நான் இப்ப என்னத்தப் பேசுறது? போன மாசம்தான் சர்க்காரு பள்ளிக்கூடத்துக்குள்ள சாமிய கொண்டுவராதேன்னு ஜெயிச்சேன். இப்ப சர்க்காரு ஆபீஸுக்குள்ள என் மார்க்கத்த கொண்டுவான்னு நானே சொன்னா, நுஃமான் அங்க மறுபடி கேஸ் நடத்தணும். நான் வாயத் தொறக்கல. என்னை வேடிக்கை பாக்க வந்தவனா வச்சுக்கங்க."

உடையப்பன் தீர்ப்பை ஒத்திவைத்தார். மறுநாளும் ஒத்திவைத்தார். ஒத்திவைப்பதில் ஒரு சுகம் இருப்பதைக் கண்டுகொண்டவர்போல் ஒரு வாரம் ஒத்திவைத்தார். கடைசியில் ஒருநாள், ஆச்சரியமாக ரோடு காலியாக இருந்த காலையில், தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டு பேரும் மேஜர். ரெண்டு பேருக்கும் சம்மதம். ஒருத்தருக்கும் எடைஞ்சல் இல்ல. ஸ்கூல் கேஸ்லயே சொல்லிட்டேன், மூணாவது ஆளுக்கு இதுல வேலை இல்ல. பாத்தா நமக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். ஒரு மாதிரி இருக்குன்னு தடுக்க ஆரம்பிச்சா, இளவேனில் பேசுறதத்தான் மொதல்ல தடுக்கணும். நடத்திக்கட்டும். கலாஸ்."

"நன்றி மாமா," என்றான் அன்பரசன். "அப்புறம் மாமா, ஒரு சின்ன விஷயம். அப்படி ரெண்டு பேரு இருக்காங்க. அதுல ஒண்ணு நம்ம விஜி."

கராமாவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது, போனது. வண்டி நேராகப் பாலம் ஏறி, ஷேக் சாயித் ரோட்டில் இறங்கி, அபுதாபி என்று அம்புக்குறி போட்ட பலகையின் கீழே கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. இளவேனிலுக்குக்கூட எதிர்ப்பக்கம் எது என்று தெரியவில்லை. அல் கூஸ் வேர்ஹவுஸ் வாசலில் வண்டி நின்றபோது நான்கு பேரும் இறங்கி, யாரோ ஒருவருடைய வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்கள்போல நின்றார்கள்.

"விஜியா," என்றார் உடையப்பன்.

"ஆமா மாமா."

"யாரு, அந்த நாகர்கோவில் பிள்ளையா? போன வருஷம் வீட்டுக்கு வந்தப்ப எனக்கு நேந்திரங்கா சிப்ஸ் குடுத்துச்சே?"

"அவங்கதான்."

"நான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னேனேடா," என்றார் உடையப்பன். அதில் என்ன குற்றம் என்று யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் அவர் முகம் ஏமாற்றப்பட்டவரின் முகமாக இருந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார். "தீர்ப்பு தீர்ப்புதான். அத நான் மாத்தல. ஆனா மூணாவது ஆளுக்கு வேலை இல்லன்னு சொன்னேன் பாரு, அந்த மூணாவது ஆளு யாரு தெரியுமா? எம்மகன். மொறமாப்பிள்ளை. அவன் மூணாவது ஆளு இல்லடா, மொத ஆளு!"

அன்பரசன் எல்லாவற்றையும் யோசித்திருந்தான், இதைத் தவிர. உடையப்பனின் மகன் விஜயபாஸ்கர் மஸ்கட்டில், ரூவியில், ஒரு மொபைல் கடையில் இருந்தான். அக்கா மகளைத் தம்பி மகனுக்கு என்று யாரும் முடிவு செய்யவில்லை, ஆனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. உடையப்பன் அதையே நிச்சயதார்த்தமாக எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதன்பிறகு நீதிமன்றம் கூடவில்லை. காரில் பண்பலை ரேடியோ மட்டும் பேசியது. ஏசியின் முன்பக்கத் துளை இளவேனிலைப் பார்த்தது, இளவேனில் ரோட்டைப் பார்த்தாள். பொறுக்கமுடியாமல் அவள்தான் உடைத்தாள்.

"அண்ணே, உங்க மகன் கேஸுக்கு நீங்களே ஜட்ஜா இருக்கக் கூடாது. எந்த ஊருலயும் கிடையாது. நான் உக்காந்துக்கறேன்."

"நீயா?"

"முன்சீட்டுலதான இருக்கேன். அன்பு, ரூவிக்குப் போனப் போடு. ஸ்பீக்கர்ல."

விஜயபாஸ்கர் கடையைத் திறந்துகொண்டிருந்தான். ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று முதலிலேயே சொன்னார்கள். விஷயத்தைச் சொன்னார்கள்.

"மாப்ள, இதுவா? எனக்கு ரெண்டு வருஷமா தெரியுமே," என்றான் அவன்.

உடையப்பன் பின்பக்கம் திரும்பாமலே கத்தினார். "ரெண்டு வருஷமாவா? எவன்டா சொன்னது?"

"விஜிதான்ப்பா சொல்லுச்சு. நான்தான் மொதல்ல, நமக்கு செட் ஆகாது விஜி, நீ ஃபிரண்ட் மாதிரின்னு சொல்லப் போனேன். பயந்துக்கிட்டே சொன்னேன். அது விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அப்புறம் அது கதைய சொல்லுச்சு. அப்புறம் நானும் சிரிச்சேன்."

"சாட்சி மொறைய விட்டுக்குடுக்கறாரா?" என்று கேட்டாள் நீதிபதி இளவேனில்.

"குடுத்துட்டேன்க்கா. ஆனா மொறமாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்கணும். அது வழக்கம். அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன். நாப்பத்திரெண்டு சைஸ்."

"எங் கடையில எடுத்துக்கலாம்," என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த சித்தீக் பாய்.

வழக்கு முடிந்தது என்று அன்பரசன் நினைத்தான். உடையப்பன் நினைக்கவில்லை. பட்டறிவுள்ள நீதிபதி அவர். கராமாவில் அன்பரசன் இறங்கும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "மேல் கோர்ட்டுல கேஸ் நடக்குறப்ப கீழ் கோர்ட்டு அவசரப்படக் கூடாது. டில்லி என்ன சொல்லுதுன்னு பாப்போம். அதுவரைக்கும் சீர் பேச்சு எடுக்காத," என்றார். கண்ணாடி ஏறியது.

டில்லி அவசரப்படவில்லை. மே போனது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று வெயில் வந்து கார் கைப்பிடி சுட்டது. விஜி வாரம் ஒரு முறை கேட்டாள், "மாமா என்ன சொல்றாரு?" "ஸ்டே குடுத்திருக்காரு." "உங்க காரையும் உங்க கோர்ட்டையும் கொண்டுபோயி கடல்ல தள்ளுங்கடா." கார்த்திகையில் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஹாலுக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஜலஜாவின் தாய்மாமன், நாகர்கோவிலில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், முதல் நாளே சரி சொல்லிவிட்டாராம். இந்தத் தகவலை அன்பரசன் மாமாவிடம் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலோடு ஓட்டினால் வண்டிக்கு ஆகாது.

செப்டம்பரில் ஒருநாள் வண்டியைக் கை காட்டி நிறுத்தினார்கள். சோதனை அதிகாரி குனிந்து நால்வரையும் பார்த்தார். எல்லோருக்கும் படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சித்தீக் பாயைக் காட்டி யார் என்று கேட்டார். "ஃப்ரெண்ட், ஒரே ஜில்லா," என்றார் உடையப்பன், அரை ஹிந்தியில். இளவேனிலைக் கேட்டார். "ஃப்ரெண்ட் கா வைஃப்." இது ஓரளவு உண்மை, அவள் புருஷன் உடையப்பனின் கேரம் போர்டு கூட்டாளி. அன்பரசனைக் கேட்டார்.

"சிஸ்டர் சன்."

"சிஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள்?"

"டூ. ஏக் லட்கா, இது. ஏக் லட்கி." பதற்றத்தில் இருக்கிறவன் கேட்காததையும் சேர்த்துச் சொல்வான். உடையப்பனும் சொன்னார். "லட்கி ஷாதி, பொண்ணுக்குக் கல்யாணம், இந்த வருஷம். நான் போறேன். மாமா இல்ல, நான்? மாமா போகணும்."

அதிகாரியின் முகம் இளகியது. "மப்ரூக்," என்று வாழ்த்திவிட்டுப் போகச் சொன்னார்.

வண்டி நகர்ந்தது.

"அண்ணே, கவர்மென்ட் ஆளு வாழ்த்திட்டாரு," என்றாள் இளவேனில்.

"அது தப்பிக்கிறதுக்குச் சொன்னது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

உடையப்பன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ஆனால் அன்று கராமாவில் இறங்கும்போது அவர் அன்பரசனைப் பார்த்து, "டிக்கெட் இப்பவே போட்டா கொறையுமோ?" என்று கேட்டதும் உண்மை. யாருக்கு டிக்கெட் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "சும்மா கேட்டேன்" என்று வந்திருக்கும்.

அக்டோபர் நடுவில் டில்லி தீர்ப்பு சொன்னது. மறுநாள் காலை அதைப் போட வேண்டியது அன்பரசனின் வேலை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், ஆனாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கல்யாணத்தை நாங்கள் அங்கீகரிக்க முடியாது, சட்டம் போடுகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. போனிலிருந்து வந்த இங்கிலீஷ் வாக்கியங்கள் நீளமாக இருந்தன. அல் நஹ்தாவைத் தாண்டியும் முடியவில்லை.

முந்தின இரவு விஜி அதிகம் பேசவில்லை. "சர்டிபிகேட் கெடைக்காதுன்னு தெரியும்டா," என்றாள். "மாமாவும் வரமாட்டாரு, இல்ல? ஸ்டே தானே குடுத்தாரு. இப்ப டில்லியே சொல்லிருச்சு." பிறகு, "ஹால்காரன்ட்ட என்னத்த சொல்லட்டும்?" என்றாள். டிராஃப்டிங் டேபிளில் கோடு தப்பினால் அழித்துப் போடலாம். வாதாடி ஜெயித்த வழக்கில் மேல் கோர்ட்டே மாமாவுக்குச் சாதகமாகச் சாய்ந்தால் என்ன செய்வது?

அவன் போனை அணைத்தான். "அவ்ளோதான் மாமா."

சித்தீக் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இளவேனில் எதிர்ப்பக்கம் பேச வாயைத் திறந்து, இந்த முறை எதிர்ப்பக்கம் ஜெயித்துவிட்டதைக் கவனித்து, மூடிக்கொண்டாள்.

உடையப்பன் நிதானமாக லேன் மாறினார்.

"அவங்க என்ன சொல்றாங்க? சர்டிபிகேட் தர மாட்டோம்கறாங்க."

"ஆமா மாமா."

"ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"அப்படிச் சொல்லல."

"மாலை மாத்தக் கூடாதுன்னு?"

"இல்ல."

"தாய்மாமன் சீர் பத்தி ஒரு வார்த்த? அஞ்சு பேருல ஒருத்தராவது?"

"யாருமே சொல்லல மாமா."

"சொல்ல முடியாது. ஏன்னா அது அவங்க லிமிட்டுல வராது. என் லிமிட்டுல வருது." உடையப்பன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "மாசக்கணக்குல யோசிச்சுப் பாத்தேன்டா. ஊருல என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சேன். எது பண்ணாலும் சொல்லத்தான் போறானுங்க. நான் காது குத்துக்கு ஒக்காந்தப்ப அந்தப் பிள்ளை எம் மடியிலதான் ஒண்ணுக்குப் போச்சு. அதுக்கே நான் எந்திரிக்கல." முன்னால் போன லாரியைத் தாண்டினார். "அந்த நாகர்கோவில் பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்கானா?"

இனி மறைத்துப் பயனில்லை. "இருக்காரு மாமா. லாரி புக்கிங் ஆபீஸ்."

"அவன் வர்றானாமா?"

"மொத நாளே சரின்னுட்டாரு."

"மொத நாளேவா!" வண்டி லேசாக ஆடியது. "எனக்கு முன்னாடியேவா? அப்ப இத்தன மாசமா அவன் என்ன நெனச்சிருப்பான் நம்மளப் பத்தி? சிவகங்கைக்காரன் சீருக்குப் பயந்து துபாய்ல ஒளிஞ்சுக்கிட்டான்னு நெனச்சிருக்க மாட்டான்? ஏன்டா என்ட்ட சொல்லல?"

"நீங்க சீர் பேச்சு எடுக்காதன்னு..."

"அதுக்காக? பேசாம இருப்பியா?" உடையப்பன் நியாயமான கோபத்தில் இருந்தார். "ரெண்டு பக்கமும் பொண்ணு வீடு. மாப்பிள்ளை வீடுன்னு ஒண்ணு இருந்தா, சாம்பார்ல உப்பு இல்லன்னு அவன் மொகத்தத் தூக்கிக்கிட்டுப் போவான், நம்ம சமாளிக்கலாம். இங்க ரெண்டு தாய்மாமன் நேருக்கு நேரா நிக்கணும். எவன் தட்டு மொதல்ல உள்ள போவும்? அதுக்கு ஒரு தீர்ப்பும் கெடையாது, முன்னாடி எவனும் நடத்துனதும் கெடையாது. மச்சான், பட்டு இருக்கா ஒங்க கடையில? நல்லதா?"

"கல்யாணப் பட்டு வந்திருக்கு மச்சான்." சித்தீக் பாய் இன்னமும் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எதுக்குன்னு கேக்க மாட்டேன். யாவாரம் யாவாரம். அரக்குல ஒண்ணு, மயில் கழுத்துல ஒண்ணு எடுத்து வைக்கிறேன்."

"ரெண்டு எதுக்கு? எம் பிள்ளைக்கு ஒண்ணு போதும்."

"மேடையில ரெண்டு பொண்ணு நிக்கும். ஒண்ணுக்குக் குடுத்துட்டு இன்னொண்ணுக்கு வெறுங்கைய காட்டுவீங்களா? அந்த லாரிக்காரரு ரெண்டு எடுத்துட்டு வந்தா?"

இதை உடையப்பன் யோசித்திருக்கவில்லை. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"ரெண்டு," என்றார். "மயில் கழுத்து யாருக்குன்னு அக்காட்ட கேக்கணும். அன்பு, போன போடு."

சிவகங்கையில் ராக்கம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். இத்தனை நாளும் போனைக் கையிலேயே வைத்திருந்தாளோ என்னவோ. ஸ்பீக்கரில் அவள் மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான். நாகர்கோவில் பிள்ளை சிவப்பா, மாநெறமா? மறந்துபோச்சு."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். காரில் நால்வரும் காத்திருந்தார்கள். கராமா திருப்பம் வந்தது, இளவேனில் கையை நீட்டிக் காட்டினாள், உடையப்பன் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார்.

"மாநெறம்தான்டா," என்றாள் ராக்கம்மா கடைசியில். "எத்தனை நாளு லீவு குடுத்தான் உனக்கு?"

"இனிமேதான்க்கா கேக்கணும். குடுப்பான். அக்கா மக கல்யாணம்னா குடுக்காம இருப்பானா?"